காப்பவன் கணக்கு

காஞ்சிபுரத்துக்குப் பட்டுச் சேலை எடுக்க வருகிற அம்மாள் முதலில் எதைப் பார்க்கிறாள்? முந்தியைப் பார்க்கிறாள். பிறகு கரையைப் பார்க்கிறாள். ஜரிகையின் மினுமினுப்பைப் பார்க்கிறாள். உடலின் நிறம் தனக்கு எடுக்குமா என்று முழங்கைமேல் போட்டுப் பார்த்துக்கொள்கிறாள். கடைசியாக விலைச்சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். இவ்வளவு பார்த்தும் அவள் கண்ணில் படாத ஓர் இடம் அந்தச் சேலையில் உண்டு. உடலும் கரையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இடம் அது. நெசவாளர்கள் அதைக் கோர்வை என்கிறார்கள்.

உடல் ஒரு நிறம்; கரை வேறு நிறம். இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவர் கையால் ஆகிற காரியமல்ல. தறிக்குழியில் நெசவாளர் அமர்ந்திருக்க, அவருக்குப் பக்கத்தில் துணையாள் ஒருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட்டு வாங்குவார். ஒவ்வொரு ஊடைக்கும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். அந்த மாட்டல் ஒழுங்காக விழுந்துவிட்டால், சேலை நைந்து கிழிகிற காலத்திலும் கரை தனியே பிரிந்து வராது என்பார்கள். ஒழுங்காக விழாவிட்டால்தான் அந்த இடம் கண்ணில் படும். நல்ல கோர்வை இருப்பதே தெரியாது. பிசகிய கோர்வைக்கு மட்டும் ஒரு பெயர் உண்டு. 'குறை' என்பது அந்தப் பெயர்.

அதே ஊரில் கோயிலுக்குப் போகிறோம். சந்நிதி வாசலின் இரு பக்கமும் துவாரபாலகர்கள் நிற்கிறார்கள். கதையை ஊன்றி, விரலை உயர்த்தி, இரவு பகல் பாராமல் நிற்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அவர்களுக்குக் கைகூப்புகிறோம்? உள்ளே இருப்பவரைக் காணும் அவசரத்தில் அவர்களைக் கடந்துபோய்விடுகிறோம். திரும்பி வரும்போது பிரசாதத்தில் கண் இருக்கிறது.

காப்பவனுக்கு உலகம் வைத்திருக்கும் கணக்குதான் என்ன? ஆக்குகிறவனுக்குக் கணக்கு உண்டு. இத்தனை சேலை, இத்தனை கதை, இத்தனை வீடு என்று அவன் எண்ணிக் காட்டலாம். காப்பவன் எதை எண்ணிக் காட்டுவான்? நடக்காமல் போன திருட்டையா? வராமல் போன காய்ச்சலையா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டு கால்பந்து மைதானத்துக்குப் போகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சேலைக் கடையிலிருந்து நேரே மைதானத்துக்கா என்று வாசக நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். மனிதனுடைய வாழ்க்கையைத் தொண்ணூறு நிமிஷத்தில் சுருக்கி, கோடு போட்டு, நடுவரையும் வைத்து நமக்குக் காட்டுகிற இடம் அது. அங்கே ஆக்குகிறவனும் உண்டு, காப்பவனும் உண்டு. கோல் போடுகிறவன் பெயர் மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருகிறது. கோல் விழாமல் பின்னால் நின்று தடுத்தவன் பெயர் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. தடுத்த கோலுக்கு எண் கிடையாது.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. காப்பவன் எப்போதாவது புகழ் பெற்றால், அவன் காவலை விட்டு வெளியே வந்த ஒரு நாளுக்காகத்தான் பெறுகிறான்.

1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர். தமிழரான பீட்டர் தங்கராஜ் இறுதி ஆட்டத்தில் கோல் காத்தார். தடுப்பாட்டக்காரர்களில் தூண்போல நின்றவர் பஞ்சாபின் ஜர்னைல் சிங். போட்டியின் நடுவே அவருக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. கட்டுப்போட்ட தலையோடு பின்னால் நிறுத்துவது ஆபத்து என்று ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். அரையிறுதியில் அவர் ஒரு கோல் போட்டார். தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்ற இறுதி ஆட்டத்திலும் ஒரு கோல் போட்டார். இன்றும் ஜர்னைல் சிங் என்றால் அந்தக் கோலைத்தான் சொல்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் அவர் தடுத்த பந்துகளை யார் சொல்கிறார்கள்?

கடல் கடந்தும் இதே கதைதான். டேவிட் ஓலியரி என்ற அயர்லாந்துக்காரர் லண்டனின் ஆர்ஸனல் குழுவுக்குத் தடுப்பாட்டக்காரராக 722 ஆட்டங்கள் ஆடினார். இருபது ஆண்டுக் காவல்! ஆனால் அவருடைய நாட்டார் நெஞ்சில் பதிந்தது 1990-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் அவர் உதைத்த ஓர் உதை. ருமேனியாவோடு ஆடிய ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்து பெனால்டி உதைக்கு வந்தது. ஐந்தாவதாக உதைக்க வந்தவர் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்திருந்த ஓலியரி. பந்து வலைக்குள் போயிற்று. நாடு துள்ளிக் குதித்தது. 722 ஆட்டங்கள் ஒரு தட்டில். ஓர் உதை மறு தட்டில். தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாருங்கள்.

நம்முடைய இதிகாசமும் இதற்கு விலக்கல்ல. பதினான்கு ஆண்டுகள் கண் இமைக்காமல் காத்தவன் இலக்குவன். கதை கேட்கிற குழந்தைகூட, அவன் பர்ணசாலையை விட்டு அகன்ற அந்த ஒரு நாழிகையைத்தான் கேட்கிறது: "அவன் ஏன் போனான்?"

காப்பவன் இந்த அநியாயத்தை எப்படியோ பொறுத்துக்கொள்கிறான். தன் கடமை தனக்குத் தெரியும் என்று ஆறுதல் கொள்கிறான். அவனுக்கு உண்மையான சோதனை பின்னால்தான் வருகிறது. கால் தளர்கிறது, மூச்சு வாங்குகிறது. ஆட்டத்தை விட்டு வெளியே வருகிறான். உலகம் அவனை அழைத்து, "இனி நீ ஆட வேண்டாம், ஆடுகிறவர்களை ஆக்கு" என்கிறது. காப்பவன் ஆசிரியனாகிறான். அதுவரை அவன் உடம்பு அவனுக்குக் கட்டுப்பட்டது. ஆபத்து வந்தால் பாய்ந்து மறிக்கலாம். இனி அவன் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். ஆபத்து கண்ணெதிரே நடக்கும். காலை நீட்ட முடியாது.

சையத் நயீமுத்தீனுடைய வாழ்க்கையை நான் இந்த இடத்தில்தான் நினைத்துப் பார்க்கிறேன். 1944-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். தடுப்பாட்டக்காரர். கல்கத்தாவின் பரம எதிரிகளான ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்ற இரண்டு குழுக்களுக்கும் ஆடியவர். பிற்காலத்தில் அந்த இரண்டுக்குமே பயிற்சி அளித்தவர். இரண்டு மாமியார் வீட்டிலும் பேரெடுப்பது போன்ற காரியம் அது. 1970-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் அவர்தாம் இந்திய அணியின் தலைவர். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அவருடைய அணி ஜப்பானைச் சந்தித்தது. 1-0 என்று இந்தியா வென்றது, வெண்கலம் கிடைத்தது. வென்ற கோல் ஒன்று. விட்ட கோல் இல்லை. காவல் என்றால் இதுதான் காவல். அதே ஆண்டு அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

பிறகு பயிற்சியாளரானார். கண்டிப்புக்குப் பேர்போனவர், உணவிலும் உறக்கத்திலும் பயிற்சியிலும் ஒழுங்கு தவறினால் பொறுக்க மாட்டார் என்பார்கள். 1990-ல் துரோணாச்சாரியார் விருது பெற்றார். ஆட்டக்காரருக்கு உரிய விருது, ஆசானுக்கு உரிய விருது இரண்டையும் கால்பந்தில் முதலில் பெற்றவர் அவர். அர்ஜுனனாக இருந்தவர் துரோணரானார். ஆனால் துரோணருடைய கதையை நாம் அறிவோம். தாம் கற்றுக்கொடுத்த வில்லுக்கு எதிரே தாமே நிற்க நேர்ந்தவர் அவர். ஆசானாவது பெருமைதான், அதில் முள்ளும் உண்டு.

2005 டிசம்பரில் நயீமுத்தீன் பயிற்சியளித்த இந்திய அணி கராச்சியில் வங்காள தேசத்தை 2-0 என்று வென்று தெற்காசியக் கோப்பையைப் பெற்றது. இரண்டு மாதம் கழித்து, 2006 பிப்ரவரியில், ஆசியக் கோப்பைக்கான தகுதி ஆட்டத்துக்காக அணி ஜப்பானுக்குப் போயிற்று. அங்கே விழுந்தவை ஆறு கோல்கள். இந்தியா ஒன்றும் போடவில்லை.

எந்த ஜப்பானை 1970-ல் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஒரு கோலும் போட விடாத அணிக்கு அவர் தலைவரோ, அதே ஜப்பான்! முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அவர் கோட்டுக்கு வெளியே நின்று, ஒன்று, இரண்டு என்று ஆறு வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. தடுப்பாட்டக்காரனுக்கு இதைவிடக் கொடிய தண்டனையை எந்த நாவலாசிரியனும் கற்பனை செய்ய மாட்டான். அந்த ஆண்டிலேயே அவர் பொறுப்பும் முடிந்தது.

இப்போது கேள்வியைக் கேட்போம். அந்த ஆறு கோல்கள் யாருடையவை?

சுலபமான விடைகள் இரண்டு இருக்கின்றன. பத்திரிகைக்காரர் ஒன்றைச் சொல்வார்: "பயிற்சியாளர்தான் காரணம், அவரை மாற்று." இது அநியாயம். அவர் ஒரு பந்தையும் தொடவில்லை. ஜப்பானிலோ 1993-ல் தொழில்முறை லீக் தொடங்கிவிட்டது. 1998-லும் 2002-லும் உலகக் கோப்பையில் ஆடிவிட்டார்கள். அந்த நாடு ஏறிய ஏணியில் நாம் முதல் படியிலேயே நின்றிருந்தோம். ஒரு மனிதரை மாற்றினால் தீருகிற குறையா அது? தத்துவம் படித்தவர் இன்னொன்றைச் சொல்வார்: "அவரவர் செய்த வினைக்கு அவரவரே பொறுப்பு. ஆடாதவனுக்குத் தோல்வியில் என்ன பங்கு?" இது கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை. அப்படியானால் கராச்சி வெற்றியிலும் அவருக்குப் பங்கில்லை என்று சொல்ல வேண்டும். தன் மாணவனுடைய தோல்வி தன்னைத் தொடவே இல்லை என்று சொல்லும் ஆசிரியரிடம் நம் பிள்ளையை அனுப்புவோமா?

இரண்டுக்கும் நடுவே வேறு ஒரு விடை இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதை எனக்குச் சொன்னவர் கால்பந்தையே அறியாத ஒருவர்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் நெசவாளர் பகுதி. அங்கே எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவருண்டு. இளமையில் கோர்வை வேலையில் கை தேர்ந்தவர். கண் மங்கியபின் தறியை மகனிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்துகொண்டார். ஒரு நாள் நெய்து முடித்த சேலையைக் கொடுக்கப் போனவரோடு நானும் போயிருந்தேன். சரக்கை வாங்குகிறவர் சேலையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு சாண் நீளத்துக்குக் கோர்வை பிசகியிருந்தது. "யார் பார்த்த வேலை இது?" என்றார். மகன் தலை குனிந்தான். பெரியவர் முந்திக்கொண்டார்.

"என் வேலைதாங்க. கண்ணு சரியாத் தெரியறதில்லே. பிடித்தம் எவ்வளவோ பிடிச்சுக்குங்க."

கூலியில் பிடித்துக்கொண்டார்கள். மகன் ஒரு வார்த்தையும் பேசாமல் முன்னால் நடந்து போய்விட்டான். திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன்: "ஏன் ஐயா, பிசகியது அவர் கை அல்லவா? நீங்கள் ஏன் பொய் சொன்னீர்கள்?"

பெரியவர் சிரித்தார். "பொய் என்னங்க இதிலே? நான் உட்கார்ந்திருக்கிற தறியிலே வர்ற பிசகு யாருதா இருந்தாலும் என்னுதுதான். நாலு பேர் நடுவிலே அவனைக் கேட்டா அடுத்த சேலையிலே அவன் கை நடுங்கும். கை நடுங்கினா கோர்வை விழுமா? வீட்டுக்குப் போனதும் அந்த இடத்தை அவனுக்கு எடுத்துச் சொல்லாம விடுவேனா? அங்கே விடமாட்டேனுங்க."

நான் தேடிய விடை அந்தப் பேச்சில் இருந்தது. காப்பவன் ஆசானாகும்போது அவனுடைய தொழில் மாறுவதில்லை; ஆயுதம்தான் மாறுகிறது. முன்பு பந்துக்கும் கோலுக்கும் நடுவே உடம்பைக் கொண்டுபோய் வைத்தான். இப்போது பழிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே தன் பெயரைக் கொண்டுபோய் வைக்கிறான். கால் போன பிறகு அவனிடம் மிச்சமிருக்கும் கேடயம் பெயர் ஒன்றுதான். அந்த ஆறு கோல்கள் பயிற்சியாளர் செய்தவை அல்ல. ஆனால் அவர் தாங்க வேண்டியவை. செய்வது வேறு, தாங்குவது வேறு. உலகத்தில் நல்ல காரியங்கள் பலவும் இந்த இரண்டாவது வகை மனிதர்களால்தான் நடக்கின்றன.

2006-ல் பழி பயிற்சியாளரோடு போயிற்று; ஆட்டக்காரர்கள் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். கராச்சியில் அணித் தலைவராக இருந்த பைசுங் பூட்டியாவே, அடுத்து வந்த ஆங்கிலேயப் பயிற்சியாளர் பாப் ஹௌட்டன் காலத்திலும் தலைவராக நின்று, 2007-ல் நேரு கோப்பையைக் கையில் ஏந்தினார். நயீமுத்தீன் அன்று மனத்துக்குள் என்ன நினைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் விலகியதால் மற்றவர்கள் தலை நிமிர்ந்து ஆட முடிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

"எப்போதும் பெரியவர்களே பழியைச் சுமந்தால் இளையவர்களுக்குப் பொறுப்பு எப்போது வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! மகனுடைய கடனையெல்லாம் தாமே அடைத்து, மகனுடைய பொய்யையெல்லாம் தாமே மறைத்து, கடைசியில் மகனையும் இழந்த தகப்பன்மார்களை என் கதைகளிலேயே எழுதியிருக்கிறேன், வாழ்க்கையிலும் பார்த்திருக்கிறேன். அவர்களும் பழியைத் தாங்கினவர்கள்தாமே? அவர்களுக்கும் அந்த நெசவாளருக்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் வீட்டுக்குள்ளே இருக்கிறது. தெருவில் "என் பிசகு" என்றவர், வீட்டில் பிசகிய இடத்தை விரல் வைத்துக் காட்டினார். தெருவில் கேடயம், வீட்டில் கண்ணாடி. கெடுக்கிற தகப்பனிடம் கேடயம் மட்டும் இருக்கிறது. கடிந்தே கெடுக்கிறவரிடம் கண்ணாடி மட்டும் இருக்கிறது. அதையும் அவர் நடுத்தெருவில் வைத்துப் பிள்ளையின் முகத்தைக் காட்டுகிறார். இரண்டும் சேர்ந்தால்தான் ஆசான். கண்டிப்பான பயிற்சியாளர் பயிற்சியில் கண்டிப்பாக இருக்கட்டும். தோற்ற அன்று கூட்டத்தின் முன்னால் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதே கேள்வி.

இன்னொரு வகையினரும் உண்டு. பழியைத் தாங்குகிற சாக்கில் பிள்ளையின் வாழ்க்கையையே தம் உடைமை ஆக்கிக்கொள்கிறவர்கள். "உனக்காக நான் எவ்வளவு பட்டேன்" என்று காலமெல்லாம் கணக்குச் சொல்வார்கள். அது காவலல்ல, வட்டிக்குக் கொடுத்த கடன். காஞ்சிபுரத்துத் தெருக்களில் இன்று நெசவாளர் பிள்ளைகள் பலர் தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். வேலை முறை மாறும் நேரத்துக்குப் பேருந்து வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. தகப்பனுக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். 'இவ்வளவு கற்றுக்கொடுத்தேனே' என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் கற்றுக்கொடுத்தவன் கடைசியாகக் கற்க வேண்டிய பாடம், கோட்டுக்கு வெளியே நிற்பது. ஆட்டம் அவர்களுடையது. பந்தை எந்தப் பக்கம் உதைப்பது என்று அவர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். நாம் உள்ளே ஓடிப்போய் உதைத்தால் நடுவர் ஊதலை ஊதிவிடுவார்.

இதற்கெல்லாம் சம்பளம் என்ன? ரஹீம் 1962-ல் ஜகார்த்தாவில் தங்கம் வாங்கிக் கொடுத்தார். மறு ஆண்டு ஜூன் மாதம் புற்றுநோயால் இறந்தார். அவர் வாழ்க்கை திரைப்படமாக வந்தது 2024-ல். அறுபத்தோர் ஆண்டுகளுக்குப் பின்பு! ஓலியரி லீட்ஸ் குழுவுக்கு மேலாளராகி, இளைஞர்களை வைத்துக்கொண்டு 2001-ல் ஐரோப்பாவின் பெரிய போட்டியில் அரையிறுதி வரை போனார். அடுத்த ஆண்டே வேலை போயிற்று. காப்பவனுடைய கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த வெறுமையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது ஒன்றுமில்லாமை அல்ல. நம் வீட்டில் நாம் நிம்மதியாகத் தூங்கிய இரவுகள் எல்லாம் அந்த வெற்றுப் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அம்மா விழித்திருந்தாள் என்பதை நாம் எங்கும் குறித்துவைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் செய்த குறும்புக்குத் தலைமை ஆசிரியரின் முன் தலை குனிந்து நின்ற வகுப்பு வாத்தியாருக்கு நாம் நன்றி சொன்னதில்லை. அப்படி ஒன்று நடந்ததே நமக்குத் தெரியாது. தெரியாமல் வைத்ததுதான் அவர் செய்த காவல்.

ஆகையால் அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது வாசலில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். உள்ளே இருப்பவர் காத்திருப்பார், அவருக்கு அவசரமில்லை. கதையை ஊன்றி நிற்கிறவர்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம்.